தொய்ந்த மடிப்புகளை நிமிர்த்துதல்

முன் சட்டத்தில் லென்ஸ், பின் சட்டத்தில் பிம்பம் விழும் கிரவுண்டு கிளாஸ் கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே ஒளி புகாமல் நீளவும் சுருங்கவும் கூடிய மடிப்புக் கூடு: பழைய பிளேட் கேமராவின் உடல் இவ்வளவுதான். அந்த மடிப்புக் கூட்டை ஸ்டூடியோக்காரர்கள் பெல்லோஸ் என்பார்கள். கேமராவில் முதலில் கெடுவது அதுதான். மரம் நூறாண்டு நிற்கும். பித்தளையைத் தேய்த்தால் மீண்டும் பளபளக்கும். பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் லென்ஸும் வாங்கிய நாளில் போலவே வேலை செய்யும். தோல், துணி, அட்டை, பசை நான்கும் சேர்ந்து உருவான பெல்லோஸுக்கு அந்த ஆயுள் கிடையாது. மூலைகளில் ஊசித் துளைகள் விழும். பல கேமராக்களில் அதற்கு முன்பே நடுப்பகுதி தொய்ந்து தொங்கத் தொடங்கிவிடும்.

கோவை, ஈரோடு, சேலம் வட்டாரங்களில் பள்ளிக்கூடக் குரூப் போட்டோவும் கல்யாணப் படமும் ஒரு காலத்தில் இத்தகைய மரக் கேமராக்களில்தான் எடுக்கப்பட்டன. ஸ்டாண்டில் ஏற்றி, கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைக் கூர்மையாக்கி எடுத்த படங்கள் அவை. ஃபுல் பிளேட் என்றால் 6½ × 8½ அங்குலம். ஹாஃப் பிளேட் 4¾ × 6½ அங்குலம். மலைக்கு மேலே ஊட்டியில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிமும் காகிதமும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. ஆனால் 8 × 10 அங்குல எக்ஸ்ரே பிலிம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதை அளவுக்கு வெட்டிப் பழைய கேமராவில் போட்டுப் படம் எடுக்கும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். பரணில் கிடந்த கேமராவை இறக்கி நீட்டியதும் அவர்கள் முதலில் சந்திக்கும் சிக்கல் பெல்லோஸ் தொய்வு.

பெல்லோஸ் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே மெல்லிய ஆட்டுத்தோல் அல்லது தோல் போலப் பூச்சிட்ட துணி. உள்ளே ஒளி ஊடுருவாத கருப்புத் துணி. இரண்டுக்கும் இடையில், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல், வரிசையாக ஒட்டப்பட்ட மெல்லிய அட்டைப் பட்டைகள். மடிப்பின் தட்டையான ஒவ்வொரு முகத்துக்குள்ளும் ஒரு பட்டை இருக்கும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே விடப்பட்ட ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில்தான் துணி மடங்குகிறது. மூலைகளில் அட்டை கிடையாது. அங்கே துணியும் தோலும் மட்டும் வளைந்து கொடுக்கின்றன. துளைகள் மூலையிலேயே விழுவதற்கு இதுதான் காரணம்.

கூட்டுக்கு விறைப்பைத் தருவது அந்த அட்டைப் பட்டைகள். வெளித்தோல் ஒளியைத் தடுக்கிறது, தேய்மானத்தைத் தாங்குகிறது. எடையைத் தாங்குவது அதன் வேலை அன்று. தொய்வைச் சரிசெய்ய முனைவோர் பலர் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தொங்கும் தோலை இழுத்துப் பிடிக்கவோ, அதற்கு எண்ணெய் போட்டு ‘உயிர்’ கொடுக்கவோ பார்க்கிறார்கள். கோளாறு தோலில் இல்லை. அட்டை ஈரம் இழுத்துத் துவண்டிருக்கும், அல்லது பசை விட்டுப் பட்டைகள் இடம் நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், அல்லது உள்துணி பட்டையிலிருந்து கழன்று தனியே தொங்கும். மூன்றில் எது என்று தெரிந்தால்தான் மருந்தும் தெரியும்.

பசையைக் கெடுப்பதில் கொங்கு நாட்டுத் தட்பவெப்பத்துக்குப் பெரிய பங்குண்டு. கோவைச் சமவெளி மழை குறைந்த, பெரும்பாலும் வறண்ட பகுதி. பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். பழைய பசை அந்த வெயிலில் காய்ந்து நொறுங்கும். அதே கேமராவை ஒருவர் ஆடி மாதத்தில் வால்பாறைக்கோ ஊட்டிக்கோ எடுத்துச் சென்றால் சில மணி நேரத்துக்குள் அது சாரலுக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே நிற்கும். அட்டையும் தோலும் ஈரத்தை இழுத்துப் பெருக்கின்றன. கீழே இறங்கியதும் மறுபடி சுருங்குகின்றன. மூன்று அடுக்குகளும் ஒரே அளவில் பெருப்பதுமில்லை, ஒரே அளவில் சுருங்குவதுமில்லை. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் அடுக்குகள் பிரியாமல் என்ன செய்யும்? மைதாப் பசையில் ஒட்டிய பெல்லோஸாக இருந்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வேறு வேலையைக் காட்டிவிடும்.

தொய்வு எப்போது அதிகம் தெரியும் என்பதைக் கவனிக்க வேண்டும். பெல்லோஸை முழு நீளத்துக்கு இழுத்தால் அது விறைத்து நிற்கும். முழுவதும் மூடினால் மடிப்புகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். இடைப்பட்ட நீளத்தில்தான், அதாவது படம் எடுக்கப் பெரும்பாலும் பயன்படும் நீளத்தில்தான், தளர்ந்த மடிப்புகள் நடுவே சேர்ந்து கீழே இறங்குகின்றன. 20 அங்குலம் நீளக்கூடிய பெல்லோஸில் 12 அங்குல லென்ஸைப் பொருத்தித் தொலைவில் உள்ள குரூப்பை எடுக்கும்போது கிட்டத்தட்ட எட்டு அங்குல நீளத்துக்குரிய மடிப்பு வேலையில்லாமல் தொங்குகிறது.

இதனால் படத்தில் என்ன கெடுகிறது? ஃபுல் பிளேட் கேமரா ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பின்புறம் 9 அங்குலச் சதுரம், முன்புறம் 5 அங்குலச் சதுரம் என்று குறுகிச் செல்லும் பெல்லோஸ். நடுவில் வெளி அகலம் 7 அங்குலம். மடிப்பின் ஆழம் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் போனால் உள்ளே மையத்திலிருந்து மேலே 2¾ அங்குலம் இடம் மிஞ்சும். பிளேட் படுக்கைவாக்கில் இருந்தால், லென்ஸிலிருந்து பிளேட்டின் மேல் விளிம்புக்குச் செல்லும் ஒளி நடுவழியில் மையத்துக்கு மேலே 1⅝ அங்குலத்தில் கடக்கிறது. ஆக, மேல் மடிப்பு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இறங்கினால்தான் படத்தைத் தொடும். பிளேட்டை நிமிர்த்தி வைத்தால் ஒளி 2⅛ அங்குலத்தில் கடக்கும். அரை அங்குலத்துக்குச் சற்று மேல் தொய்ந்தாலே படம் வெட்டுப்படும். படுக்கைவாக்கில் நன்றாக வந்த கேமரா, ஆளை நிறுத்தி முழு உருவம் எடுக்கும்போது ஏன் சதி செய்கிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

பிம்பம் தலைகீழாக விழுவதால், மேல் மடிப்பு இறங்கினால் மறைவது காட்சியின் கீழ்ப்பகுதி. பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் தரையில் சப்பணமிட்டு அமர்ந்த முதல் வரிசைப் பிள்ளைகளின் மேல்தான் அந்த நிழல் விழும். லென்ஸைப் பெரிய துளையில் திறந்து எடுத்தால் நிழலின் விளிம்பு மங்கலாக, டெவலப் செய்ததில் குறை என்று எண்ணும்படி இருக்கும். துளையைச் சிறிதாக்கினால் விளிம்பு தெளிவாகத் தெரிந்து குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். படத்தை வெட்டாத தொய்வுகூடத் தீமை செய்யும்: தாறுமாறாகக் குவிந்த மடிப்புகள் உள்ளே ஒளியைச் சிதறடித்து, படத்தின் கருமையை வெளிறச் செய்கின்றன.

பிலிமை வீணாக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். பல கிரவுண்டு கிளாஸ்களில் நான்கு மூலையும் சிறிதளவு வெட்டி விடப்பட்டிருக்கும். படம் எடுக்க வேண்டிய துளையில் லென்ஸை வைத்து, வெட்டிய மூலை ஒவ்வொன்றின் வழியாகவும் லென்ஸைப் பார்க்க வேண்டும். துளை முழுதாகத் தெரிந்தால் வழியில் தடையில்லை. பாதி மறைந்திருந்தால் இடையில் மடிப்பு குறுக்கே நிற்கிறது. மூலை வெட்டாத கண்ணாடியாக இருந்தால் லென்ஸின் முன்னே நின்று உள்ளே பார்த்து, கண்ணாடியின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

லேசான தொய்வுக்குத் தாங்கு கொடுத்தாலே போதும். இது தற்காலிக ஏற்பாடு என்று இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. கேமரா செய்தவர்களே இதற்கு வழி வைத்திருந்தார்கள். பல மரக் கேமராக்களின் பெல்லோஸில் முன்பகுதி மடிப்பு ஒன்றில் சின்னத் தோல் காதோ வளையமோ தைத்திருக்கும். அதை முன் சட்டத்துக் கொக்கியில் மாட்டினால் தளர்ந்த மடிப்புகள் முன்னால் இழுபட்டு, நடுவில் தொங்குவது குறையும். அந்தக் காது அறுந்திருந்தால் புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்ளலாம். அதுவும் போதாவிட்டால், தேவையான உயரத்துக்கு வெட்டிய மரக்கட்டை ஒன்றை அடிப்பலகைமேல் வைத்து நடு மடிப்பைத் தாங்கவிடலாம். கட்டையின் உச்சி உருண்டையாக, துணி சுற்றியதாக இருக்க வேண்டும். கூரிய விளிம்பு ஒரே மாதத்தில் தோலைத் தின்றுவிடும். சுவிட்சர்லாந்தின் சைனார் போன்ற ஒற்றைத்தண்டுக் கேமராக்களில் நீளமாக நீட்ட வேண்டியபோது, நடுவில் கூடுதல் சட்டம் ஒன்றை நிறுத்தி இரண்டு பெல்லோஸ்களை இணைப்பார்கள். மரக்கட்டை செய்வதும் அந்த வேலைதான்.

தோல் வறண்டிருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுவது பெரும்பிழை. எண்ணெய் தோலை இளக்கும், அட்டைக்குள் ஊறும், பசையின் பிடியைத் தளர்த்தும். கொஞ்சம் தொங்கிய பெல்லோஸ் அடுத்த மாதம் துவண்டு விழும். எண்ணெய் ஊறிய இடத்தில் பிறகு எந்தப் பசையும் ஒட்டாது என்பது அதைவிடக் கொடுமை. ஓட்டையை மறைக்க மின்வேலைக்காரரின் கருப்பு டேப்பை ஒட்டுவதும் கூடாது. அது விறைப்பானது, மடிப்பு மடங்கவிடாது. வெயிலில் அதன் பசை உருகி வழிந்து பக்கத்து மடிப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

பட்டைகள் உடையாமல், வெறுமனே நினைவு தப்பிய மடிப்பு என்றால் பழக்கித் திருத்தலாம். பிழிந்த ஈரத்துணியால் வெளிப்புறத்தை மிக லேசாகத் துடைத்து, குறுகிய முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மடிப்பையும் விரல்களால் கிள்ளி அதன் பழைய கோட்டிலேயே நிறுத்தி, பெல்லோஸை முழுவதும் மூட வேண்டும். பிறகு இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து நாடாவால் கட்டி, நிழலில் சில நாள் விட வேண்டும். வெயிலில் காய வைக்கக் கூடாது. பலர் கேமராவை அழகுக்காக நீட்டியபடியே காட்சிக்கு வைக்கிறார்கள். அப்படி வைத்ததால் வந்த தொய்வு இதில் பெரும்பாலும் குணமாகும்.

பசை விட்டிருந்தால் பெல்லோஸைக் கழற்றத்தான் வேண்டும். முன் சட்டத்திலும் பின் சட்டத்திலும் அது மரச் சட்டகத்தோடு திருகாணியாலோ பசையாலோ பிடித்திருக்கும். கழற்றுமுன் மேல்பக்கம் எது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்வது அவசியம். உள்துணி கழன்ற இடத்தில் தட்டையான தூரிகையால் மெல்லிய பூச்சாகப் பசை தடவி, நகர்ந்த பட்டையை இடத்தில் வைத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் இடையில் மெழுகுத்தாள் கொடுத்து மூடிக் கட்டி உலரவிட வேண்டும். ஃபெவிகால் வகைப் பசை அளவாகப் போட்டால் அட்டைக்குப் போதும். தோலும் துணியும் சேரும் இடத்துக்குச் செருப்பு வேலைக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை நன்றாக வளைந்து கொடுக்கும். முறிந்த பட்டையை எடுத்துவிட்டு அதே அளவில் ஃபைல் அட்டையில் வெட்டி வைக்கலாம். மூலைத் துளைகளுக்கு உள்ளிருந்து மெல்லிய கருப்புத் துணித் துண்டு ஒட்டினால் போதும்.

இந்த வேலைக்குக் கேமரா மெக்கானிக்தான் வேண்டும் என்பதில்லை. அதற்கு மறுக்க முடியாத சான்று பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், ஆலப்புழையில் இருக்கிறது. 1940-களில் அங்கே படப்பிடிப்பாளர் ஒருவரின் கேமராவில் பெல்லோஸ் பழுதானது. அவர் அதை எடுத்துக்கொண்டு போனது இசைக்கருவி செய்யும் குடும்பம் ஒன்றிடம். ஆர்மோனியத் துருத்தியின் மடிப்பை அறிந்த கை கேமராவின் மடிப்பையும் சரிசெய்துவிட்டது. அந்தக் குடும்பத்துக் கருணாகரன் அதோடு நிற்காமல் முழுக் கேமராவையே செய்யத் தொடங்கினார். மரமும் பித்தளையும் உள்ளூரில்; லென்ஸ் மட்டும் வெளிநாட்டிலிருந்து. வாகீஸ்வரி என்ற பெயரில் அந்தக் கேமராக்கள் இந்தியா முழுவதும் ஸ்டூடியோக்களுக்குப் போயின. இந்திய மண்ணில் பேர்பெற்ற கேமரா ஒன்று பெல்லோஸ் ரிப்பேரிலிருந்து பிறந்தது என்பது இந்தக் கைத்தொழிலுக்குக் கிடைத்த பெரிய மரியாதை.

கொங்கு நாட்டில் அதே திறமைகள் பல தொழில்களில் பிரிந்து கிடக்கின்றன. ஆர்மோனியம் பழுதுபார்ப்பவருக்கு மடிப்பின் போக்கு தெரியும். புத்தகம் கட்டுபவருக்கு அட்டையும் பசையும் தெரியும். அவர் மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதே பூச்சி வராமலிருக்கத்தான். செருப்புத் தைப்பவருக்குத் தோலின் விளிம்பைச் சீவி மெலிதாக்கத் தெரியும். தோலுக்கு ஈரோட்டுத் தோல் பதனிடும் ஆலைகள் இருக்கின்றன. கருப்புத் துணிக்குத் திருப்பூர் இருக்கிறது. மூன்று கடை ஏறி இறங்கினால் முழுப் பெல்லோஸுக்கான பொருளும் யோசனையும் கிடைத்துவிடும்.

தோல் தூளாக உதிரத் தொடங்கிவிட்டால் புதிதாகச் செய்வதே வழி. அளவு எடுப்பதில்தான் வெற்றி தோல்வி தீர்மானமாகிறது. துணியின் நீளம் கேமரா நீளும் நீளத்தைப் போல ஒன்றேகால் மடங்கு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கடைசி இழுப்பில் மடிப்புகள் தட்டையாகி மூலைகள் கிழியும். அதைவிட மிகவும் கூடினால் மறுபடி தொய்வுதான். 20 அங்குலத்துக்கு 25 அங்குலம். பட்டை முக்கால் அங்குலம், இடைவெளி 1/16 அங்குலம் என்றால் பக்கத்துக்கு ஏறத்தாழ 30 பட்டை, நான்கு பக்கத்துக்கு 120. மூன்று அடுக்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் மூடிய பெல்லோஸ் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். தோலின் தடிமன் அரை மில்லிமீட்டர் கூடினால் நாலரை சென்டிமீட்டர் ஆகிவிடும், கேமரா மூடாது. கனமான தோல் தன் எடையாலேயே தொய்வை வரவழைக்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். உறுதி வேண்டும் என்று தடித்த தோலைத் தேடுவதைவிட, மெல்லிய தோலும் நல்ல விறைப்பான அட்டையும் சேர்வதே சரி.

குறுகும் பெல்லோஸுக்கு நான்கு பக்கமும் நான்கு சரிவகங்கள். அவற்றை ஒன்றையொன்று ஒட்டி விசிறி வடிவில் உள்துணியில் வரைய வேண்டும். இணைப்பு அடிப்பக்கத்தின் நடுவில் வரும்படி அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு பாதியாகப் பிரித்து இரு ஓரங்களிலும் வைப்பது வழக்கம். துணியைப் பலகைமேல் சுருக்கமில்லாமல் விறைப்பாக அடித்து, கோடுகளின்படி பட்டைகளை ஒட்ட வேண்டும். பட்டைகளின் முனைகள் நேராக வெட்டப்படுவதில்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று மாறிமாறிச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். மூலையில் துணி மடங்கி உள்வாங்க இடம் கொடுப்பது அந்தச் சாய்வுதான். பழைய பெல்லோஸைக் கிழித்து வீசுமுன் அதன் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்துப் படி எடுத்துக்கொள்வது எந்தப் புத்தகத்தைவிடவும் நன்றாகக் கற்றுத்தரும். பட்டைகள் உலர்ந்தபின் மேலே தோலையோ பூச்சுத் துணியையோ ஒட்டி, பசை முழுவதும் இறுகுமுன் மடிக்கத் தொடங்க வேண்டும். அகன்ற முனையிலிருந்து ஆரம்பித்து, நான்கு மூலையையும் ஒரே நேரத்தில் கிள்ளிக்கொண்டு செல்ல வேண்டியிருப்பதால் இரண்டு பேர் இருப்பது நல்லது. முதல் சில மடிப்புகள் அடம் பிடிக்கும். பட்டைகள் வழிகாட்டத் தொடங்கியதும் மீதி தானாக வரும். எடை வைத்து ஓரிரு நாள் விட்ட பிறகே சட்டத்தில் பொருத்த வேண்டும்.

பொருத்தியதும் இருட்டறையில் பெல்லோஸுக்குள் சிறிய விளக்கை விட்டு, நீட்டியும் சுருக்கியும் வெளியிலிருந்து ஒவ்வொரு மூலையையும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பிய துளையைப் பிலிம் கண்டுபிடிக்கும். ஹோல்டரில் பிலிம் போட்டு, லென்ஸை மூடியால் மூடி, ஹோல்டரின் மறைப்புத் தகட்டை உருவிவிட்டு, கேமராவைச் சில நிமிடம் வெயிலில் நிறுத்தி எல்லாப் பக்கமும் திருப்ப வேண்டும். இதற்கு எக்ஸ்ரே பிலிம் மிகவும் வசதி. சிவப்பு விளக்கிலேயே டெவலப் செய்து பார்த்துக்கொண்டிருக்கலாம். பிலிம் தெளிவாக வந்தால் பெல்லோஸ் நன்றாக அமைந்துவிட்டது. ஓரத்திலிருந்து உள்ளே பரவும் கருப்புப் பட்டை தெரிந்தால் ஒளி ஹோல்டரின் வாய் வழியாகவோ சட்டத்தின் இணைப்பு வழியாகவோ புகுகிறது. பெல்லோஸைக் குறை சொல்ல வேண்டாம். நடுவில் வட்டமாகவோ வால் நீண்ட புள்ளியாகவோ கருமை விழுந்திருந்தால் மடிப்பில் துளை இருக்கிறது. அப்போது விளக்கை மறுபடி உள்ளே விட்டு, மூலை மூலையாகத் தேடி, துணித் துண்டு ஒட்டி, புதிய பிலிமில் இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.